மைக் செல்லக்கண்ணுவும் மூன்று உயிரும்

என் மாமா செல்லக்கண்ணு, தான் விளம்பரம் செய்த எதையும் முன்கூட்டிப் பார்த்ததில்லை. காரைக்காலுக்குப் புதுப்படம் வந்தாலும், சர்க்கஸ் வந்தாலும், துணிக்கடை திறந்தாலும் குதிரை வண்டியில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கோட்டுச்சேரியிலிருந்து திருமலைராயன்பட்டினம் வரை சொல்லிவிட்டு வருபவர் அவர்தான். ஆனால் அந்தப் படத்துக்கு அவர் போகமாட்டார். அந்தக் கடைக்குள் நுழையமாட்டார்.

"பாத்துட்டா வாய் வராதுடா" என்பார். "பாக்காத வரைக்கும் எல்லாமே நல்லாத்தான் இருக்கும்."

இதை அவர் பொய் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. தொழிலின் ஒழுங்கு என்றே நினைத்தார். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாம் வயலோடு நின்றுவிட்டார்கள். இவர் மட்டும் பதினாறு வயதில் மைக் செட் கடையில் சேர்ந்து, ஒருநாள் அறிவிப்பாளர் வராததால் தானே மைக்கைப் பிடித்து, அன்றிலிருந்து விடவில்லை. நான் பி.ஏ. தேறியபோது எங்கள் தெருவிலேயே வண்டியை நிறுத்தி, "நமது குடும்பத்தின் முதல் பட்டதாரி! நாளைய கலெக்டர்!" என்று அரைமணி நேரம் முழங்கினார். அம்மா அழுதுவிட்டாள். அதன்பிறகு இரண்டு வருடம் வேலை கிடைக்காமல் நான் திரிந்தபோது, டீக்கடையில், "கலெக்டர் எப்ப ஜாயின் பண்றாரு?" என்று கேட்காத ஆள் இல்லை. மாமாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்ன அந்த ஆளை நானும் எங்கேயாவது பார்க்க முடியாதா என்றுதான் இருந்தது.

அவருடைய மனைவி அன்னபூரணி அத்தை. அவர்களுக்கு ஒரே பையன், சோமசேகரன். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டான். எண்பத்து மூன்றில் அது நடந்தது. அதற்குப்பின் அத்தை வாசற்படியைத் தாண்டவில்லை. சமைப்பாள், கொல்லைப்புறத்தில் துணி துவைப்பாள், கேட்டால் ஆமாம் இல்லை என்பாள். தானாக ஒரு வார்த்தை பேசமாட்டாள். அழவும் மாட்டாள். மாமாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று, பேச்சு. சாப்பிடும்போதும் சட்டையை மாட்டும்போதும் அன்றைக்கு ஊரில் சொன்னதையெல்லாம் அவளிடம் மறுபடி சொல்வார். சுவரிடம் சொல்வதுபோல இருக்கும். ஆனாலும் நிறுத்தமாட்டார்.

எண்பத்து ஆறில் கோவிந்தராசு பிரான்சிலிருந்து திரும்பி வந்தார். அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மாதா கோயில் வீதியில் ஒரு கடையைப் பிடித்து, இரண்டு டிவிப் பெட்டிகளை வைத்து, வீடியோ கேம் நடத்தப்போவதாகச் சொன்னார். காரைக்காலில் அதுவரை யாரும் அதைப் பார்த்ததில்லை. விளம்பரத்துக்கு மாமாவைத் தேடி வீட்டுக்கே வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"செல்லக்கண்ணு, ஒரு தடவ வந்து ஆடிப் பாத்துட்டுப் பேசு" என்றார் கோவிந்தராசு.

"வேண்டாங்க. நீங்க வாயால சொல்லுங்க, போதும்."

"ஒரு ஆளு ஓடுவான். வழியில பள்ளம் வரும், முதலை வரும். நீ ஒரு குச்சியப் பிடிச்சு அவனத் தாண்ட வைக்கணும்."

"தாண்டலன்னா?"

"விழுந்து செத்துடுவான். ஆனா மூணு உயிர் உண்டு. செத்தா மறுபடி வருவான்."

"செத்தா மறுபடி வருவான்" என்று மாமா ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "இது போதுங்க" என்றார்.

மறுநாளே கிளம்பிவிட்டார். "பிரான்சு நாட்டிலிருந்து நேராக நம் காரைக்காலுக்கு! உங்கள் விரல் நுனியில் ஒரு மனிதனின் உயிர்! ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்று உயிர்! விழுந்தால் எழுவான்! இறந்தால் வருவான்!" ஒரு வாரத்தில் கடை திறப்பதாக இருந்தது. புதுச்சேரியிலிருந்து வரவேண்டிய ஏதோ மின்சாரச் சாமான் வராமல் திறப்பு தள்ளிக்கொண்டே போனது. ஒரு மாதம் ஆகிவிட்டது. தினமும் ஒரே வார்த்தையைச் சொல்ல மாமாவால் முடியாது. இரண்டாவது வாரத்தில் அந்த ஆள் பறக்க ஆரம்பித்தான். மூன்றாவது வாரத்தில், நீங்களே காட்டுக்குள் போய்விட்டதுபோல இருக்கும் என்றார். திருமலைராயன்பட்டினத்தில் அது, நீங்களே உள்ளே போகலாம் என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யார் முதலில் போவது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். படித்தவன் நான். எனக்கே ராத்திரி படுத்தால், பறக்கும் அந்த ஆள் எப்படி இருப்பான் என்ற யோசனைதான்.

அந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம். மாமாவும் நானும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே அடுத்த நாள் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை குழம்புச் சட்டியோடு நின்றிருந்தாள்.

"ஏங்க" என்றாள்.

மாமாவின் கை அப்படியே நின்றது. மூன்று வருடத்தில் அவள் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"செத்தவன் வருவான்னு சொல்றீங்களே, அதே ஆளா வருவான்?"

"அதே ஆள்தான் பூரணி."

"அடையாளம் தெரியுமா?"

"தெரியாம? அதே மொகம். அதே சட்டை."

அத்தை குழம்பை ஊற்றினாள். "எனக்கும் அதப் பாக்கணும்" என்றாள்.

அதன்பிறகு தினமும் கேட்டாள். விழுந்தால் அவனுக்கு வலிக்குமா? திரும்பி வரும்போது விழுந்தது ஞாபகம் இருக்குமா? எல்லாவற்றுக்கும் மாமா பதில் சொன்னார். வலிக்காது. ஞாபகம் இல்லாமலா? சொல்லச் சொல்ல அவருடைய முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. ஆயுளில் முதல்முறையாகத் தன் பேச்சைத் தானே நம்பினார் என்று நினைக்கிறேன். அத்தை பெட்டியைத் திறந்து ஒரு நீலச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள். அதைப் பார்க்கவென்றே அக்கம்பக்கத்துப் பெண்கள் கொல்லைப்பக்கம் வந்து போனார்கள்.

அம்மாவுக்கு மட்டும் பயம். "தம்பி, போயி ஒரு எட்டு அது என்னான்னு பாத்துட்டு வாயேன்டா" என்று மாமாவிடம் சொன்னாள்.

"பாத்துட்டா அவகிட்ட சொல்ல வாய் வராதுக்கா" என்றார் மாமா. "அவ பேசறாக்கா. என் பொண்டாட்டி பேசறா. இதப் போய்க் கெடுக்கச் சொல்றியா?"

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கடை திறந்த அன்று காலையில் மாதா கோயில் வீதியில் நடக்க இடமில்லை. மாமா உள்ளே போகாமல் எதிர்ப்புறத்தில் வண்டியோடு நின்றார். உள்ளே போனவர்கள் கொஞ்சநேரத்திலேயே வெளியே வந்தார்கள். முதல் சத்தம் ஒரு மீசைக்காரரிடமிருந்து வந்தது.

"யோவ் மைக்கு! இதுக்கா ஒரு மாசம் தொண்டையக் கிழிச்ச?"

"பறப்பான்னியே, எங்கய்யா பறக்கறான்? நொண்டிக்கிட்டு ஓடறான்!"

"உள்ள போலாம்னாங்க. எந்தப் பக்கம் கதவுன்னு கேட்டுச் சொல்லுய்யா!"

கூட்டம் சிரித்தது. மாமாவும் சிரித்தார். "மொத நாள் அப்படித்தாங்க இருக்கும்" என்றார். ஆனால் குரல் அவருடையதாக இல்லை. அழுதுகொண்டே வெளியே வந்த ஒரு சின்னப் பிள்ளையை அவர் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னிக்கு வேண்டாம் மாமா" என்றேன் நான். "அத்தைய இன்னொரு நாள் கூட்டியாரலாம்."

"சேலையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காடா" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. கூட்டம் கலைந்துவிட்டது. குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, அதே வண்டியில் படுதாவைக் கட்டி அத்தையை அழைத்துவந்தோம். வாசற்படியில் அவள் கொஞ்சம் தயங்கினாள். மாமா கையைக் கொடுத்தார். வழியெல்லாம் அவள் படுதாவை விலக்கிப் பார்க்கவே இல்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, தேர்வு எழுதப்போகும் பெண்போல உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கம்மா, வாங்க" என்று கோவிந்தராசு முக்காலியைப் போட்டார். அவரே ஆடிக்காட்டினார்.

கறுப்பு வெள்ளை டிவி. திரையின் அடியில் தீக்குச்சி உயரத்துக்கு ஓர் உருவம் ஓடியது. நாலைந்து வெள்ளைக் கட்டங்களை ஒட்டவைத்ததுபோல இருந்தது. முகம் இல்லை. சட்டை இல்லை. மாமாவும் அப்போதுதான் அதை முதல்முறையாகப் பார்த்தார். பள்ளம் வந்தது. உருவம் விழுந்தது. எலி கத்துவதுபோல ஒரு சத்தம். திரையின் இடது மூலையில் அதேபோன்ற உருவம் தொப்பென்று வந்து நின்றது.

"இதோ! வந்துட்டான் பாரு!" என்றார் மாமா. மைக்கில் பேசும் குரலில் சொன்னார்.

அத்தை திரையை நெருங்கிப் பார்த்தாள். மேல் ஓரத்தில் சின்னக் கோடுகள் இருந்தன. முதலில் இரண்டு. இப்போது ஒன்று. மறுபடியும் அவன் விழுந்தான். அந்த ஒரு கோடும் அழிந்தது. இன்னோர் உருவம் வந்து நின்றது.

"அந்தக் கோடுதான் எறங்கி வந்திருக்கு" என்றாள் அத்தை. யாரையும் குறை சொல்லும் குரல் இல்லை. "இது வேற ஆள். விழுந்தவன் அந்தக் குழியிலதான் கெடக்கான்."

கோவிந்தராசு குச்சியைத் தள்ளிக்கொண்டே இருந்தார். மூன்றாவது ஆளும் விழுந்தான். அதன்பிறகு யாரும் வரவில்லை.

அந்த நேரத்தில், மழைக்குக் கூரையடியில் ஒதுங்கியிருந்த ஒரு மீன்காரம்மா எட்டிப் பார்த்தாள். திருவேட்டக்குடியிலிருந்து வந்து மீன் விற்றுவிட்டுத் திரும்புபவள், பெயர் காசியம்மா. அவளுக்கு இங்கே என்ன நடக்கிறது என்றே தெரியாது.

"என்னா அய்யா அது, துள்ளிக்கிட்டு கெடக்கு?"

பேச்சை மாற்றினால் போதும் என்று கோவிந்தராசு அவளைக் கூப்பிட்டு, குச்சியைக் கையில் கொடுத்தார். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றபடியே ஆடினாள். குச்சியை எந்தப் பக்கம் தள்ளினாலும் உருவம் அந்தப் பக்கம் போவதைக் கண்டதும், "அடி ஆத்தி! நான் சொன்னா கேக்கறான்யா! என் வூட்டுக்காரரே கேக்கமாட்டாரு!" என்று கத்தினாள். பள்ளத்தில் விழுந்தது. "போச்சு! செத்தான்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்னொன்று வந்ததும், "வந்துட்டியா? மறுபடி விழு, வா!" என்றாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். காலையிலிருந்து அந்தக் கடையில் அப்படி யாரும் சிரிக்கவில்லை. அதே பெட்டிதான். அதே வெள்ளைக் கட்டங்கள்தான். மற்ற எல்லோரும், நானும்தான், மாமா சொன்னதைத் தேடி வந்திருந்தோம். அவள் ஒருத்திதான் அங்கே இருந்ததைப் பார்த்தாள்.

அத்தை திரையைப் பார்க்கவில்லை. காசியம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்ககிட்ட நீங்க ஒண்ணும் சொல்லலியா?" என்று மாமாவைக் கேட்டாள்.

"இல்ல பூரணி."

"அதான்" என்றாள். எழுந்து வண்டிக்குப் போய்விட்டாள்.

முன்பு அத்தை பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான். இப்போது மாமா எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி கேட்டாள். மேலத்தெருவில் கல்யாணம் என்பார். "நீங்க பாத்தீங்களா?" அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்பார். "நீங்க பாத்தீங்களா?" கோபம் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்பாள். பார்த்தேன் என்று அவர் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாள். கொஞ்சநாளில் மாமா வீட்டில் பேசுவதை நிறுத்தினார். பிறகு தொழிலிலும் அது தொற்றிக்கொண்டது. எந்தப் பொருளையும் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தால், "புதுப்படம். பாட்டு பரவாயில்ல" என்று முடித்துவிடுவார். வேறொருவர் குரலைக் கேசட்டில் பதிவுசெய்து வாங்கிப் போட ஆரம்பித்தார்கள் கடைக்காரர்கள்.

கோவிந்தராசு இரண்டு மாதத்தில் கடையை மூடினார். மூடுவதற்கு முன்பு ஒருநாள் நான் தனியாகப் போய் ஆடினேன். அது நல்ல விளையாட்டு. பள்ளத்தைச் சரியான நொடியில் தாண்டும்போது உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது. ஆனால் அதை அனுபவித்தேன் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஆடும்போதெல்லாம் மனசின் ஒரு பாதி மாமா சொன்னதோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அந்தக் கடைக்கே போயிருக்கமாட்டேன். இதற்கு என்ன பதில் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த ஆனி மாதம், மாங்கனித் திருவிழா. தெருவில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. எல்லோரும் ஊர்வலத்துக்குப் போய்விட்டார்கள். கொட்டுச் சத்தம் எங்கள் தெருவரைக்கும் வந்தது. மாடியிலிருந்து மாம்பழம் வீசுவதும் கீழே கைகள் எழும்புவதுமாக இருக்கும். எத்தனையோ வருடம் மாமா அதை மைக்கில் வர்ணித்திருக்கிறார். அன்று அவர் வீட்டில்தான் இருந்தார். நான் அவரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து அத்தை வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். தெருமுனையைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு அங்க?" என்று கேட்டாள்.

மாமா திரும்பினார். வாய் திறந்தது. என்னென்ன வார்த்தைகள் தொண்டைவரை வந்தன என்று எனக்குத் தெரியாது. அவளுடைய முகத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் போலப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கூட்டமா இருக்கு" என்றார்.

"கூட்டமா?"

"ஆமா. வெயிலும் ஜாஸ்தி."

அத்தை இன்னும் கொஞ்சம் நின்றாள். வேறு ஏதாவது வரும் என்று காத்திருந்தாளோ என்னவோ. மாமா தரையைப் பார்த்தார். சரி என்றாள். உள்ளே போய்ச் சட்டியைக் கழுவ ஆரம்பித்தாள்.