தீப்பெட்டி அளவுல ஒரு காரிக்காளை

சுவர்ல படம் வரையிறவன் பொழப்புல ரொம்பப் பயங்கரமான வார்த்தை எது தெரியுமா? வேலையெல்லாம் முடிஞ்சு, சாரத்தைப் பிரிச்சு, பிரஷ்ஷை மண்ணெண்ணெயில கழுவிக்கிட்டு இருக்கும்போது கஸ்டமர் வந்து நின்னு, "நான் நெனச்சது இது இல்லையே"ன்னு சொல்றதுதான். தையக்காரரோ, கொத்தனாரோ, கல்யாணச் சமையக்காரரோ, யாரா இருந்தாலும் இந்த வார்த்தையில ஒரு தடவையாச்சும் அடிபட்டிருப்பீங்க. உங்களுக்காகத்தான் இதைச் சொல்றேன்.

எழுபதுகளோட கடைசியில காளவாசல்ல, ஒரு சைக்கிள் கடைக்குப் பக்கத்துல நானும் என் சிநேகிதன் காசியும் படக்கடை வச்சிருந்தோம். போர்டு எழுதுவோம், ஆள் படம் போடுவோம், சுவர் விளம்பரம் வரைவோம். எங்களுது சௌராஷ்ட்ரா குடும்பம், அப்பாவுக்குத் தறி. எனக்கு நூலு கையில நிக்காது, பென்சில்தான் நிக்கும். "வர்ற பொங்கலுக்குள்ள ஊரே பாக்குற மாதிரி ஒரு பெரிய சுவர் வரைஞ்சு காட்டு. இல்லையா, பேசாம வந்து தறியில உக்காரு"ன்னு அப்பா கெடு வச்சுட்டாரு. அவரு சொன்னா சொன்னதுதான். எங்க கடை இருக்குமா போகுமாங்கிறது, இன்னும் கண்ணுல படாத ஒரு சுவரை நம்பிக் கிடந்துச்சு.

சோத்துக்கு முன்னாடி ஒரு படம்

நான் எழுதுன மொத போர்டுல, கடைப் பேரு முடியிறதுக்கு முன்னாடியே பலகை முடிஞ்சு போச்சு. கடைசி ரெண்டு எழுத்தையும் டவுன் பஸ் படிக்கட்டுல நிக்கிறவங்க மாதிரி நெருக்கி நிறுத்துனேன். அதுக்கப்புறம் எந்த வேலைக்கும் மொதல்ல ஒரு குட்டிப்படம் போட்டுப் பாக்குறதுன்னு வச்சுக்கிட்டேன். சிகரெட் பாக்கெட்டைப் பிரிச்சா உள்பக்கம் வெள்ளையா இருக்குமில்ல, அதுல மொண்ணைப் பென்சிலால, தீப்பெட்டி அளவுல. ஏன் இம்புட்டுச் சின்னதுன்னு கேப்பீங்க. பெருசாப் போட்டா கை சும்மா இருக்காது; மூக்கு, முழி, மீசைன்னு நோண்ட ஆரம்பிச்சுரும். தீப்பெட்டியில மூக்குக்கு இடமே கிடையாது. எங்க கருப்பு, எங்க வெளுப்பு, ஆளு எந்தப் பக்கம், எழுத்து எந்தப் பக்கம், அம்புட்டுத்தான் அதுல கொள்ளும். போட்ட படத்தையெல்லாம், மளிகைக் கடையில ரசீது குத்துற மாதிரி, ஒரு கம்பியில குத்தி வச்சிருப்பேன்.

காசிக்கு இது அறவே பிடிக்காது. அவன் நாகமலைப் பக்கம் வெள்ளாமைக்காரர் வீட்டுப் பிள்ளை. சுவரைக் கண்டா கை அரிக்கும், நேரா ஏறி இழுத்துருவான். நான் பென்சிலோட உக்காந்துட்டா பக்கத்துல நின்னு உச்சுக் கொட்டுவான். ஒருநாள் பொறுக்க முடியாம கேட்டான்: "ஏன் மாப்ள, வீட்டுல சோத்தைப் போட்டு வச்சாக்கூட, அதையும் படம் வரைஞ்சு பாத்துட்டுத்தான் சாப்பிடுவியா?"

சிரிச்ச ஆடு

கோரிப்பாளையத்துல பிரியாணிக் கடை வச்சிருந்த பாய் ஒருத்தர் போர்டு வேணும்னு வந்தாரு. நல்ல மனுசன்; வந்த உடனே எங்களுக்கு டீ சொல்லி விட்டாரு. "தம்பி, பாத்த உடனே பசிக்கணும். அதான் கணக்கு"ன்னாரு. நான் குட்டிப்படம் மூணு போட்டேன். ஒண்ணுல தட்டு நெறைய பிரியாணி, ஆவி பறக்குது. இன்னொண்ணுல பிரியாணி வேகுற தேக்சாவும் கரண்டியும். மூணாவதுல, கொஞ்சம் புதுசா இருக்கட்டுமேன்னு, தட்டுக்குப் பக்கத்துல ஒரு ஆட்டையும் நிறுத்துனேன். மொண்ணைப் பென்சில்ல வாய் ஒரு கோடுதான். அது கொஞ்சம் மேல வளைஞ்சு போச்சு.

பாய் மூணையும் மேசையில பரப்பி வச்சுக்கிட்டு, தட்டைப் பாத்தாரு, தேக்சாவைப் பாத்தாரு, ஆட்டுக்கிட்ட வந்து நின்னுட்டாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சு மாட்டி மறுபடியும் பாத்தாரு. காசிக்கு ஒரே குஷி. ஆட்டை நேரா போர்டுலயே போட்டுருவோம்னு என் காதுல ஊதுறான். பாய் அந்த ஆட்டை மெல்லக் குப்புறத் திருப்பி வச்சுட்டுச் சொன்னாரு: "இதை எடுத்துருங்க தம்பி. என்னைப் பாத்துச் சிரிக்குது. நாளைக்குக் காலையில நான் எப்படிக் கறி எடுக்கப் போவேன்?"

இவரா, அவரா

இதைக் கேளுங்க.

பஸ் டிரைவர் ஒருத்தர் காக்கிச் சட்டையோட தன்னைப் படம் போடச் சொன்னாரு. உக்கார வச்சு, வழக்கம்போலக் குட்டிப்படம் ஒண்ணு கிறுக்குனேன். ஒரு டீ ஆறுற நேரம்கூட இல்ல. அதை வச்சுக்கிட்டுப் பெரிய படத்தை நாள் கணக்கா இழைச்சேன். சட்டைப் பொத்தான், நெத்தி விபூதி, கை ரேகை ஒண்ணு விடல. வாங்கிட்டுப் போக அவரு சம்சாரமும் கூட வந்துச்சு. பெரிய படத்தைப் பாத்துட்டுத் தலையாட்டுச்சு. அப்புறம் கம்பியில குத்தியிருந்த குட்டிப்படம் கண்ணுல பட்டிருக்கு. கிட்டப் போயி, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்குது. மூஞ்சியே இல்லாத படம் அது! தோளு ஒரு பக்கம் இறங்கி, தலை லேசாச் சாஞ்சு, வெறும் நாலு கருப்புத் தீத்தல்.

எனக்கு ரோசம் வந்துருச்சு. இம்புட்டுப் பாடுபட்டுப் போட்டதை விட்டுட்டுக் கிறுக்கலைப் பாத்துச் சிரிக்குதேன்னு. "ஏம்மா, பெருசுல என்ன குறை?"ன்னு கேட்டேன். அந்தம்மா ரெண்டையும் இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்லுச்சு: "குறையெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. ஆனா இதுதான் எங்க வீட்டுக்காரரு. அது அவரோட அண்ணன் மாதிரில்ல இருக்கு!"

இந்தப் பய யாரு?

மார்கழியும் பாதி போயிருச்சு. சுவர் ஒண்ணும் அமையல. அப்பா எனக்காகத் தறிக்குழியைக் கூட்டிச் சுத்தம் பண்ணி வச்சிருந்தாரு.

அந்த நேரத்துல சாமி வரம் குடுத்த மாதிரி அவனியாபுரத்துல இருந்து பெரியகருப்பன்னு ஒருத்தர் வந்தாரு. லேத் பட்டறை வச்சிருந்தாரு. கூடவே ஜல்லிக்கட்டுக் காளை ஒண்ணும் வளத்தாரு. காளை மாடு வரிசை கட்டிப் போற தெருவுல பட்டறையோட நீளச் சுவர் இருந்துச்சு. அது பூரா அவரோட காரிக்காளையை வரைஞ்சு, பொங்கலுக்குள்ள முடிக்கணும். ஆத்தாடி, இதைவிடப் பெரிய சுவரு எங்க கிடைக்கும்! மாட்டைப் போயிப் பாத்தேன். கருகருன்னு, திமிலு ஒரு பக்கம் சாஞ்சு, நம்மளை எடை போடுற மாதிரி பாக்குது. அங்கேயே தொழுவத்துல உக்காந்து ஒரு குட்டிப்படம் போட்டேன். ஜல்லிக்கட்டுன்னா மாடு மட்டுமா? திமிலைக் கட்டிப் பிடிச்சு ஒருத்தன் தொங்குற மாதிரி போட்டேன். மாட்டோட வேகம் அவன் பறக்குற வேட்டியில தெரிஞ்சுச்சு. போட்டதுலயே நல்ல படம்னு எனக்கே தோணுச்சு.

அதைக் காட்ட நான் பெரியகருப்பனைத் தேடிப் போன கொஞ்ச நேரத்துக்குள்ள, காசி சாரத்துல ஏறிக் கரித்துண்டால இழுக்க ஆரம்பிச்சுட்டான். ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மாவா சொன்னாங்க. அவன் இழுத்த மொதக் கோடே அந்தத் தொங்குறவனோட கால். பெரியகருப்பன் குட்டிப்படத்தை வாங்கிப் பாத்தாரு. மூஞ்சி செவந்துச்சு, மீசை துடிச்சுச்சு. அப்புறம் நிமிந்து சுவர்ல அந்தக் காலைப் பாத்தாரு. அவரு போட்ட சத்தத்துல காசி தோள் துண்டாலேயே காலைத் தொடைக்கிறான். "யாருடா இந்தப் பய? என் மாட்டுத் திமில்ல இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன் கை வச்சு நின்னதில்ல. வாடிவாசல்ல முடியாததை நீ காயிதத்துல முடிச்சுட்டியா?"

முன்னாடி யாருமே இல்ல

ஆளை அழிச்சுட்டாப் போச்சுன்னு நெனச்சேன். அழிச்சா, மாடு புண்ணாக்கு விளம்பரத்து மாடு மாதிரி சாதுவா நிக்குது. சரி, ஆளுகளை மாட்டுக்குக் கீழே விழ வச்சுப் போட்டேன். அதுக்குப் பெரியகருப்பனோட மச்சினன் குறுக்க வந்துட்டாரு. "விழுந்து கெடக்குறது எந்த ஊர்க்காரன்னு கேப்பாங்கள்ல? எறங்குறது பூராம் நம்ம பங்காளி வீட்டுப் பயலுகதான். பொங்கலன்னைக்குச் சுவருக்கு முன்னாடியே அடிதடி ஆயிரும் பாத்துக்க"ன்னாரு. அதுவும் நியாயம்தானே!

பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டு எதிர்ச் சாரியில போயி உக்காந்தேன். கண்ணைச் சுருக்கிச் சுவரைப் பாத்தேன். கண்ணைச் சுருக்குனா சில்லறை விசயமெல்லாம் மறைஞ்சு கருப்பும் வெளுப்பும் மட்டும் நிக்கும். சுவரு வெளுப்பா நின்னுச்சு. அதுல ஒரு ஓரத்துல கருப்பா ஒண்ணு. என்னன்னு பாத்தா, பட்டறைக் கதவு! இம்புட்டு நாளும் கதவை விட்டுட்டு மீதிச் சுவரை மட்டுமே வரைஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன். கதவையும் சேத்து ஒரு குட்டிப்படம் போட்டேன். கதவுதான் வாடிவாசல். மாடு பாதி உடம்பு வெளிய வந்துருச்சு, தலை தாழ்ந்திருக்கு, கொம்புல துண்டு பறக்குது. அதுக்கு முன்னாடி மீதிச் சுவரு பூராம் புழுதி. ஒரு ஈ காக்கா இல்ல.

காசி அதைப் பாத்துட்டு எப்பவும் போல உச்சுக் கொட்டல. பெரியகருப்பன் "ஆளு எங்கப்பா?"ன்னு கேட்டாரு. நான் அவரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, புழுதி முடியிற இடத்துல தெருவுல நிறுத்துனேன். அவரு அந்தச் சின்ன அட்டையையும் சுவரையும் மாறி மாறிப் பாத்தாரு. தன்னை அறியாம ரெண்டடி பின்னாடி போனாரு. அப்புறம் தொடையில ஒரு தட்டு: "போடுறா! இந்தத் தெருவுல வர்ற பய பூராம் என் மாட்டுக்கு முன்னாடிதான்டா நிக்கணும்!"

சுண்ணாம்பு வாளி

வரைஞ்சு முடிச்சோம். இந்தத் தடவை பெரிய படத்துல நான் எதையும் நோண்டல. குட்டிப்படத்துல இல்லாத ஒரு மயிரைக்கூட மாட்டுல வைக்கல. போறவன் வாறவன் எல்லாம் நின்னு பாத்தான். மாட்டுப் பொங்கலன்னைக்கு அப்பா பாக்க வாரேன்னாரு.

பொங்கலன்னைக்குக் காரிக்காளை வாடிவாசலை விட்டு வந்துச்சு. வந்த உடனே, பெருங்குடிப் பக்கம் செங்கல் சூளையில வேலை பாக்குற சின்னாண்டி திமிலைக் கட்டிப் பிடிச்சான். மாடு சுத்துச்சு, குதிச்சுச்சு, உதறுச்சு. அவன் விடல. கொம்புத் துண்டையும் அவுத்துட்டான். கூட்டம் கத்துது, எனக்கு மட்டும் சுவரு நெனப்பு. பிடிபட்ட மாட்டையா ஒரு மனுசன் சுவர்ல வச்சுக்குவாரு? அப்பா வர்றதுக்குள்ள அங்க வெறும் சுவருதான் நிக்கும்னு தெரிஞ்சு போச்சு.

மறுநாள் காலையில சின்னாண்டியே எங்க கடைக்கு வந்து நிக்கிறான்! காசி டீக்கடையில எல்லாத்தையும் அளந்து விட்டிருக்கான். "அண்ணே, நீங்க மொதல்ல போட்டது ஒண்ணு இருக்காமே. அதுல தொங்குறது நான்தான். அதை எங்க வீட்டுச் சுவர்ல போட்டுக் குடுங்க"ன்னான். கம்பியில இருந்து உருவிக் குடுத்தேன். மாட்டுக்காரரு சம்மதிக்காம நான் தொட மாட்டேன்னும் சொன்னேன். மூணு பேருமா அவனியாபுரம் போனோம். நான் நெனச்சதுதான். பெரியகருப்பன் சுண்ணாம்பு வாளியும் அடிக்கிற மட்டையுமா சுவருக்கு முன்னாடி நிக்கிறாரு.

சின்னாண்டி சுவரைப் பாத்தான், வாயைத் திறந்தது மூடல. "இம்புட்டுப் பெரிய மாட்டையா நான் புடிச்சேன்?" அப்புறம் ஓடிப் போயி அவரு கையில இருந்த மட்டையைப் பிடிச்சுக்கிட்டான். "ஐயா, உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன், அழிச்சுறாதீங்க. இதை அழிச்சுட்டா நான் எதைப் புடிச்சேன்னு ஊருக்கு எப்படித் தெரியும்?"

பெரியகருப்பன் அவனை ஏற இறங்கப் பாத்தாரு. அவன் கையில இருந்த குட்டிப்படத்தை வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. வாளியைக் கீழே வச்சாரு. படத்தை என்கிட்ட நீட்டிச் சொன்னாரு: "சரி, தொங்குறவன் தொங்கட்டும். ஆனா மாட்டுக் கண்ணுல மட்டும் பயம் தெரிஞ்சுச்சு, இதே வாளியோட நானே அவன் வீட்டுக்கு வாரேன்!"

முந்தானை

சாயங்காலம் அப்பா வந்தாரு. தெருவுல நின்னாரு, புழுதிக்கு நேரா வந்தாரு, அவரும் ரெண்டடி பின்னாடி போனாரு. இதுக்கு மூலமா ஒண்ணு சின்னதா இருக்காமேன்னு கேட்டு, என் சட்டைப் பையில இருந்த வாடிவாசல் குட்டிப்படத்தை வாங்கிப் பாத்தாரு. கிளம்பும்போதுதான் சொன்னாரு: "தறியில நீ உக்கார வேண்டாம். அடுத்த சேலைக்கு முந்தானை எப்படி வரும்னு, இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுத்துட்டு உன் கடைக்குப் போ."

இத்தனை வருசத்துல நான் கண்டுகிட்டது ஒண்ணே ஒண்ணுதான்: கஸ்டமர் வேண்டாம்னு தள்ளுன குட்டிப்படத்தைக் கிழிச்சுப் போட்டுறாதீங்க, அதுல தொங்கப்போற ஆளு இன்னும் வந்து சேரல, அம்புட்டுத்தான்.