தவக்காலத்து சாண்ட்விச்

செல்போன் கோபுர வேலைக்காகச் சூரியநெல்லிக்குப் போனபோது ஒரு வீட்டின் பின்னறையில் தங்கியிருந்தேன். வீட்டுக்காரம்மா ஒல்லியானவர். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், கழுத்தில் ஜெபமாலை. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். தக்காளியை மட்டுமல்ல, அதை நறுக்கும் கத்தியையும்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கோயிலில் சிலுவைப்பாதை முடித்து வந்தவர் சாண்ட்விச் செய்தார். உப்பும் புகையும் ஏறிய பன்றிக்கறியான பேக்கனைத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் மொறுமொறுவென்று வறுத்தார். உருகி நின்ற கொழுப்பிலேயே ரொட்டிகளை வாட்டி, மயோனைஸ் தடவி, கொல்லையில் பறித்த லெட்டூஸ் கீரையும் தக்காளியும் வைத்தார். பேக்கன் முழுவதையும் ஒன்றில் அடுக்கி என்னிடம் நீட்டினார். கறியில்லாதது அவருக்கு.

"தவக்காலம்னு கறியை விட்டுட்டீங்களாம்மா?"

"ஆமா சார். ஈஸ்டர் வரைக்கும் தொட மாட்டேன்."

"ரொட்டிய அந்தக் கொழுப்புலதானே வாட்டுனீங்க?"

தன் சாண்ட்விச்சை எடுத்து முகர்ந்தார். "அது வாசந்தான சார். வாசத்தையுமா விடச் சொன்னாரு ஆண்டவரு?"

சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, கண்ணை மூடி மெல்ல மென்றார்.

"அப்போ ஈஸ்டருக்குப் பேக்கனும் வெச்சு சாப்பிடுவீங்க?"

"ஈஸ்டருக்கு இது எதுக்கு? அன்னைக்குத்தான் மாட்டுக்கறி இருக்குமே. இது நோன்புக்குன்னே செய்யுறது சார்."

முகத்தில் துளியும் சிரிப்பில்லை. கேலி செய்தாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. என்னுடையதைவிட அவருடைய சாண்ட்விச்தான் ருசியாக இருந்திருக்கும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.