நான் வெட்டிய பிளாஸ்டிக் இலைகள்

பால் நிறத்தில், தடிமனான பிளாஸ்டிக் பை அது. தேயிலைத் தோட்டத்து ஸ்டோருக்கு வரும் சாக்குகளுக்குள் இருக்கும். உதறினால் புதுத்துணி போலச் சரசரக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அந்த உள்பைக்கு இருந்த மரியாதை எனக்குக்கூட இருந்ததில்லை. ஒழுகும் கூரையில் கட்டினார்கள். கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்கு இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். ஸ்டோரில் வேலை பார்த்த நான் ஒருபடி மேலே போய், அதில் சோறு போடலாம் என்று கண்டுபிடித்தேன்.

கோயில் திருவிழா நாள் அது. எங்கள் குளிரில் வாழை தழைக்காது. அன்னதானத்துக்கு இலை அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து லோரியில் ஏறி வரவேண்டும். அன்று காலை மலைப்பாதையில் மண் சரிந்து லோரி கீழேயே நின்றுவிட்டது. பெரியவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்க, நான் சேர்த்து வைத்திருந்த உள்பைகளை ஓடையில் சோப்புப் போட்டு அலசி, கத்தரிக்கோலால் இலை வடிவில் வெட்டினேன். ஒவ்வொன்றுக்கும் நுனிகூட வைத்தேன், இடப்பக்கம் பார்த்துப் போடவேண்டுமே. எல்லாரும் பாராட்டினார்கள். தலை கனத்தால் வயிறும் பசிக்கும் போலிருக்கிறது. பூசைக்கு முன் யாரும் வாயில் எதையும் வைக்கக்கூடாது. நானோ அடுப்படிக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்டுபிடிப்பைச் சோதிப்பதாக மனசாட்சிக்குச் சொல்லிவிட்டு, ஆவி பறக்கும் சாம்பார் சோற்றில் ஓர் இலையைக் காலி செய்தேன்.

என் மாமியார் களைப்புல்லைக் கொல்லும் மருந்தடிக்கும் வேலையில் பல வருடம் தோளில் தொட்டி சுமந்தவர். மருமகன் என்ற மரியாதையில் கதவுக்குப் பின்னால் நின்றுதான் என்னிடம் பேசுவார். அன்று நேராக வந்தார். அடுக்கிலிருந்து ஓர் இலையை எடுத்து முகர்ந்தார். முகம் மாறியது.

"மாப்பிள்ள, இது உர மூட்டையா, மருந்து மூட்டையா?"

எனக்குத் தெரியவில்லை. அலசும்போது எல்லாம் கலந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. எல்லா இலையையும் குப்பைக் குழிக்குள் போடச் சொன்னார், வீட்டுக்கு வீடு போய் எனாமல் மங்குத் தட்டு எடுத்துவரச் சொன்னார். பிறகு திரும்பி, யாராவது இதில் சாப்பிட்டார்களா என்று கேட்டார். பூசையே ஆகலியே, எவன் சாப்பிடுவான் என்று யாரோ சிரித்தார்கள்.

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் உயிரே போகலாம். வெட்கத்தோடு சொல்கிறேன், இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கூட்டத்தைத் தாண்டி அவர் பக்கத்தில் போய் முணுமுணுத்தேன்.

"நாந்தான் அத்த. ரெண்டு வாயி."

"ரெண்டா?"

"ஒரு எல பூரா."

தோட்டத்து லோரியில் என்னை ஏற்றி, தானும் ஏறினார். டாக்டருக்குக் காட்டவேண்டும் என்று ஓர் இலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மண் சரியாத மேல்பாதையில், தானா ராத்தா ஆஸ்பத்திரி வரை ஒவ்வொரு வளைவிலும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். அதுவரை அவர் விரல்நுனிகூட என்மேல் பட்டதில்லை. மருந்தால் வெடித்த விரல்கள் அவை. என் நெற்றி வேர்த்தது விஷத்தாலா பயத்தாலா என்று புரியவில்லை.

"பேசிக்கிட்டே வாங்க மாப்பிள்ள. ஏதாச்சும் ஜோக்கு சொல்லுங்க லா."

அவர் மடியில் இருந்த இலையைக் காட்டி, "நுனி சரியா வெட்டியிருக்கேன்ல அத்த" என்றேன்.

சாயங்காலம் வரை படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, போகலாம் என்றார் டாக்டர். லயத்துக்குத் திரும்பியபோது ஊரே வாசலில் நின்றது. நான் வாயைத் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார். "காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல. வெரதத்துல மயங்கிட்டாரு." அதிலிருந்து என் பக்தியைப் பற்றி லயமே பேசியது. அடுத்த வருடம் முதல் அன்னதானத்துக்கு அவரவர் மங்குத் தட்டைக் கொண்டுவருவது வழக்கமாயிற்று.

இப்போது தானா ராத்தாவில் சுடச்சுடக் குழம்பை வெள்ளை நுரைப்பெட்டியில் ஊற்றித் தருகிறார்கள். எங்கள் ஓடையில் எவ்வளவு அலசினாலும் அந்தப் பெட்டியில் என்ன கலந்திருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அதனால் தூக்குச்சட்டியை நீட்டுகிறேன். கடைக்காரப் பையன், அங்கிளுக்கு அத்தனை ஆசாரமா என்று கேட்கிறான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வருகிறேன். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார்; இனி அவர் சொன்னது பொய்யா என்று யாரும் அவரிடம் போய்க் கேட்க முடியாது. இப்போதாவது சொல்கிறேன்: அந்தத் திருவிழா நாளில் நான் விரதம் இல்லை.