பனிவண்டியின் பின் ஸ்பிரிங்

பலெர்மோவில் பனியில் ஓடுகிற வண்டியின் பின் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பூட்டிய முதல் தமிழன் நான்தான். சொன்னால் சிரிக்கிறார்கள். மார்கழியிலும் சனம் கடற்கரையில் வெயில் காய்கிற ஊரில் ஏது பனி என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் நகரத்தை விட்டு வெளியே போகாதவர்கள். கிழக்குப் பக்கமாகக் காரில் போய் மலைக்குள் ஏறினால் தை, மாசியில் முழங்காலளவு பனி கிடக்கும். அங்கே விடுதி இருக்கிறது, சறுக்கி விளையாட வருகிற சனம் இருக்கிறது, அந்தச் சனத்தை ஏற்றி இறக்குகிற வண்டியும் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாரியில் அந்த வண்டி என் கைக்கு வந்தது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை. ஆனால் ஓர் எந்திரத்தைக் காட்டினால் அதற்கு எங்கே நோகிறது என்று சொல்லிவிடுவேன். யாழ்ப்பாணத்தில் அண்ணனும் நானும் நடத்திய கராஜில் லொறிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். இத்தாலிக்கு வந்த பிறகு அதே கைகளுக்குக் கிடைத்தது, நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில் ஒரு மாளிகையில் படுக்கையில் கிடந்த பெரியவரைக் குளிப்பாட்டிச் சவரம் செய்து விடுகிற வேலை. அந்த வீட்டு அம்மா, சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம், நல்லவர். சம்பளம் பிந்தியதில்லை. இருந்தாலும், யாராவது என்ன வேலை என்று கேட்டால் நான் பதில் சொல்லாமல் வேறு கதைக்கு மாறிவிடுவேன்.

மத்தியானம் வேலை முடிந்ததும் ஒரேத்தோத் தெருவில் ஒரு கராஜுக்குப் போய் நிற்பேன். மோட்டார் சைக்கிளும், சாமான் ஏற்றுகிற மூன்று சில்லு வண்டியும் திருத்துகிற இடம். முதலில் நிலம் கூட்டினேன். பிறகு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். பிறகு, முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவர் முடியாதென்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு வண்டியின் கியரைத் திருத்தி வைத்தேன். அன்றிலிருந்து பின்னேரங்களில் என்னை வரச் சொன்னார். முழுநேர மெக்கானிக்காக ஒருவரை எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் முதலாளியுடைய மனைவியின் தம்பி ஒருவன் அந்த இடத்துக்குக் காத்திருந்தான். முதலாளியால் எனக்கும் சொல்ல முடியவில்லை, அவனுக்கும் சொல்ல முடியவில்லை.

அந்த நேரம்தான் மலைவிடுதிக்காரர் தன் பனிவண்டியை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். முன்னால் சில்லுக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் அகலமான ரப்பர் பட்டி, அது சுழன்று வண்டியைத் தள்ளும். பட்டிக்குள்ளே இரண்டு முறுக்கு ஸ்பிரிங்குகள், நடுவில் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு ஷொக் அப்சோபர். விடுதிக்காரர் நல்ல உயரம், நல்ல பருமன். திருப்பினால் வண்டி திரும்பாமல் நேரே போகிறதாம், பின்னால் ஆள் ஏறினால் அடி முட்டுகிறதாம். ஏற்கெனவே ஒரு வேலியை உடைத்துவிட்டதாகச் சொன்னார்.

முதலாளி என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். “இதைச் செய்வாயா?”

“செய்வேன்.”

“விடுதிக்காரர் என் பழைய சிநேகிதர். அவருக்குத் திருப்தி என்றால் இந்த இடம் உனக்கு. இல்லையென்றால் மைத்துனனுக்கு. பிறகு என்னோடு கோபிக்கக் கூடாது.”

அன்று பின்னேரமே தெரிந்த தமிழர் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், நான் மெக்கானிக்காகப் போகிறேன் என்று. திருத்தவில்லை, சாமானைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. அப்படிச் சொல்லித்தான் நான் வாழ்க்கையில் எல்லாவற்றையும் செய்து முடித்திருக்கிறேன்.

பின் ஷொக் ஒயிலைக் கக்கியிருந்தது. சீல் மாற்றி, புது ஒயில் விட்டேன். ஸ்பிரிங் இரண்டும் களைத்துப் போயிருந்தன. ஆள் ஏறினால் பின்பக்கம் குந்திவிடும், முன்பக்கம் தூக்கும், சறுக்குக் கட்டை பனியில் பதியாது. பிறகு எப்படித் திரும்பும்? புது ஸ்பிரிங் வந்ததும் பூட்டினேன். ஸ்பிரிங்கின் கால் படி வெட்டிய ஒரு சின்னக் கட்டையில் தங்கி நிற்கும். அந்தக் கட்டையைத் திருப்பினால் ஸ்பிரிங் படிப்படியாக இறுகும். எந்தப் படியில் வைப்பது என்று பார்க்கப் பாரம் வேண்டும். ஊர் ஓரத்தில் சியாகுல்லியில் மன்டரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்த மன்னார்க்காரன் ஒருவன் எனக்குச் சிநேகிதம். பழம் நிறைந்த பெட்டிகளோடு அவனை வரச் சொன்னேன்.

“அண்ணை, உதென்ன, வள்ளமோ?”

“பனியிலை ஓடுற வண்டி.”

“நீங்கள் பனியைக் கண்டிருக்கிறியளே?”

“இறைச்சிக் கடைக்காரன்ரை ஐஸ் பெட்டிக்குள்ளை கண்டிருக்கிறன்.”

“அப்ப சரி. நானும் மாதாவைப் படத்திலைதான் கண்டனான், எண்டாலும் கும்பிடுறன்தானே.”

“அலட்டாமல் ஏறி இரு. பெட்டியை மடியிலை வை. மற்றதைப் பின்னாலை வை.”

அவன் ஏறி இருந்தான். பின்பக்கம் இறங்கியது. கட்டையை ஒரு படி திருப்பினேன். இன்னும் ஒரு பெட்டி வைத்தேன். இன்னும் ஒரு படி.

“அண்ணை, விடுதிக்காரன் என்ன, தோட்டத்தையே ஏத்திக்கொண்டோ ஓடப்போறான்?”

“ஏத்தமாட்டான் எண்டு என்ன நிச்சயம்? வாகனம் எண்டால் ஏத்துவாங்கள்.”

கடைசிப் படியில் வைத்து இறுக்கினேன். அவ்வளவு பெட்டிக்கும் அசையாமல் நின்றது. முதலாளி வந்து பின்னால் அமத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அது பாராட்டு.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை மலைக்குக் கொண்டுபோவதாக இருந்தது. அன்று விடியக் கொழும்பிலிருந்து பெறாமகன், அண்ணனுடைய மகன், ரெலிபோன் எடுத்தான். அண்ணன் போய்விட்டாராம். சண்டையில் இடம்பெயர்ந்து போயிருந்த இடத்தில் மலேரியாக் காய்ச்சல். போன கிழமையே முடிந்து, அங்கே இருந்தவர்கள் சடங்கு எல்லாவற்றையும் செய்து போட்டார்களாம். செய்தி வந்து சேர இவ்வளவு நாள். நான் ரிசீவரை வைத்தேன். மனைவி சுவரில் சாய்ந்து இருந்து அழத் தொடங்கினாள். நான் சப்பாத்தை எடுத்தேன்.

“என்னப்பா செய்யிறியள்?”

“பிந்திப் போச்சு. முதலாளி கீழை வந்து நிப்பான்.”

“உங்களுக்கு விசரே? செத்தவீட்டுத் துடக்கு. முப்பத்தொண்டு நாள் முடியாமல் ஒரு நல்ல காரியம் தொடங்கலாமே? ஊரிலை எண்டால் வாசலைத் தாண்ட விடுவினமே?”

“தொடங்கேல்லை. பாதியிலை நிக்கிற வேலை.”

“மற்றக் கிழமை போங்கோவன்.”

“பனி கரைஞ்சுபோம். அந்தாள் மைத்துனனைப் பிடிச்சிடுவான்.”

“அழவாவது செய்யுங்கோ ஒருக்கா.”

“வந்து பாப்பம்” என்றேன்.

அழுகையைத் தள்ளி வைத்தேன் என்று இல்லை. வரவில்லை. நெஞ்சுக்குள் கையை விட்டுத் தேடினாலும் ஒன்றும் அகப்பட்டிருக்காது. வாகனத்தில் முதலாளி மைத்துனனைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். கடல் ஒரு பக்கம் வந்தது, பிறகு மலை வந்தது, பிறகு எல்லாம் வெள்ளையாக இருந்தது. இதுதான் பனி என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

விடுதிக்காரர் வண்டியில் ஏறி ஒரு சுற்று ஓடினார். மேட்டில் ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சின்னக் குழிக்கெல்லாம் பின்பக்கம் துள்ளி அவரைத் தூக்கி எறிந்தது. திருப்ப முடியாமல் இரண்டு கையாலும் ஹாண்டிலோடு மல்லுக்கட்டினார். வந்து நிறுத்தி இறங்கி, தோளைத் தடவினார்.

“முன்பு குதிரை போல இருந்தது. இப்போது மேசை போல இருக்கிறது. இதில் யார் ஏறுவார்?”

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. வாகனத்தின் பக்கம் பார்த்தார். திரும்பிப் போவதற்கு.

“பொறுங்கள்” என்றேன்.

வண்டியைச் சரித்து விடச் சொல்லி, பனியில் மல்லாந்து படுத்தேன். கையுறை போட்டால் ஸ்பானர் பிடிபடவில்லை. கழற்றி எறிந்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் என்னுடையவையா என்று தெரியவில்லை. அன்று எனக்கு அது வசதியாகவே இருந்தது.

நான் பிழை விட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்த வேலையை லொறிக்குச் செய்திருந்தால் பத்து வருசத்துக்கு அசையாது. அண்ணன் எந்த ஸ்பிரிங்கைப் பூட்டினாலும் ஏறி நின்று மிதித்துவிட்டு, “இறங்கக் கூடாது” என்பார். அவர் சொன்னது சரி. எங்கள் வாகனங்களுக்குச் சரி. வெங்காய மூட்டை, அதற்கு மேலே விறகு, அதற்கு மேலே ஆட்கள், அதற்கு மேலே ஓர் ஆட்டுக்குட்டி. அப்படி ஏற்றுகிற ஊரில் ஸ்பிரிங் இறங்கினால் லொறி வீதியில் படுத்துவிடும். இங்கே ஏறுவது ஒருவர், மிஞ்சினால் இருவர். மூட்டை இல்லை. பின்பக்கம் இறங்காமல் விறைத்து நின்றதால் பாரம் முழுவதும் முன் கட்டைகளில் போய் அமர்ந்து, அவை பனியை உழுதன. ஆள் ஏறினால் இந்த வண்டி கொஞ்சம் இறங்கத்தான் வேண்டும். இறங்கினால்தான் குழியில் பட்டி நிலத்தை விடாமல் தொடர்ந்து போகும்.

அண்ணன் சொன்னதை ஒரு படி குறைத்தேன். விடுதிக்காரர் ஓடிப் பார்த்தார். இன்னும் துள்ளியது. இன்னொரு படி குறைத்தேன். ஸ்பிரிங் கட்டை இலேசாகத் திரும்பி வந்தது. நடு ஷொக்கில் ஸ்பிரிங்கைத் தாங்குகிற வளையத்தை ஒரு சுற்று இறுக்கினேன், முன் கட்டைகளில் இருக்கிற பாரம் கொஞ்சம் குறையட்டும் என்று. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வண்டியைப் பார்த்தேன், தெரிந்தது.

விடுதிக்காரர் இந்த முறை தன் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். அந்த அம்மாவும் பருமன்தான். பின்பக்கம் ஒரு கை அளவு இறங்கி நின்றது. மரங்களுக்கு நடுவே போனார்கள். வளைந்தார்கள். வண்டி வளைந்தது. குழியில் இறங்கி ஏறினார்கள், பின்னால் இருந்த அம்மா அசையவில்லை. திரும்பி வந்து நிறுத்தாமல் இன்னொரு சுற்றுப் போனார்கள். இரண்டாம் சுற்றில் அந்த அம்மா சிரித்துக்கொண்டு போனது கேட்டது.

விடுதிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கியது தெரிந்தது, பார்த்ததால். முதலாளி என் முதுகில் தட்டி, “நாளைக்கு, காலையில் இருந்து” என்றார். உள்ளே கூட்டிப் போய்ச் சூடாக ஏதோ குடிக்கத் தந்தார்கள். குடித்தேன்.

இறங்கி வரும்போது முதலாளி பாடிக்கொண்டு வந்தார். பிறகு நிறுத்திவிட்டுக் கேட்டார். “என்ன, சந்தோசம் இல்லையா? இடம் கிடைத்துவிட்டது.”

“சந்தோசம்.”

“உன் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே.”

“என் அண்ணன் செத்துப்போனார்.”

“எப்போது?”

“இன்றைக்கு விடியத்தான் செய்தி வந்தது.”

அவர் வாகனத்தை ஓரமாக நிறுத்தினார். சிலுவை போட்டுக்கொண்டார். “தெரிந்துகொண்டா வந்தாய்?”

நான் தலையை ஆட்டினேன்.

“உங்களுக்குச் சடங்கு எவ்வளவு நாள்? முடித்துவிட்டு வா. இடம் எங்கேயும் போகாது. சத்தியமாகச் சொல்கிறேன்.”

அவர் அதைச் சொன்னபோது நம்பினேன். இன்றும் நம்புகிறேன். நல்ல மனிதர். ஆனால் முப்பத்தொரு நாள் வீட்டில் இருந்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. “நாளைக்கே வருகிறேன்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வாகனத்தை எடுத்தார்.

வீட்டில் சனம் கூடியிருந்தது. ஆம்பிளைகள் நிலத்தில் இருந்தார்கள். தெரிந்தவர்கள் வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. மன்னார்க்காரன் எழும்பி வந்து கையைப் பிடித்தான்.

“அண்ணை, கேள்விப்பட்டவுடனை வந்திட்டன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “போன விசயம்?” என்றான்.

“சரி வந்திட்டுது. நாளைக்குத் தொடங்கிறன்.”

அவன் என் கையை விட்டான். வாழ்த்துவதா, துக்கம் சொல்வதா என்று அவனுக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கும் தெரியவில்லை. உள்ளே இருந்து மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வரவில்லை. நான் குளித்தேன், சாப்பிட்டேன், படுத்தேன், நித்திரையும் வந்தது.

அடுத்த நாள் காலையில் கராஜுக்குப் போனேன். கால்சா வீட்டுக்கு வேறு ஆளை நானே ஒழுங்கு பண்ணிக் கொடுத்தேன். கராஜில் முதலில் வந்தவர் மீன் விற்கிற ஒருவர், மூன்று சில்லு வண்டியோடு. யார் பார்ப்பது என்று கேட்டார். முதலாளி என்னைக் காட்டி, “இவர்தான் எங்கள் மெக்கானிக்” என்றார்.

அந்தச் சொல்லை இந்த ஊரில் ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்று நான் பட்ட ஆசைக்கு அளவில்லை. கேட்டேன். வண்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தேன். பின் சில்லில் காற்று இல்லை. அடித்துக் கொடுத்தேன்.