கேசட்டில் வந்த விருந்தாளிகள்

நேற்று இராமநாதபுரத்து வாடகை வீட்டில் தனியாக உட்கார்ந்து, புதிதாக வந்த ஓர் அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் முதல் எபிசோடைப் பார்த்தேன். பின்னணியில் சிரிப்புச் சத்தமே இல்லை. இப்போதெல்லாம் அதை வைப்பதில்லையாம். சிறுவயதில் நாங்கள் இருந்த மண்டபம் ஊர் வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

சவூதியிலிருந்து அத்தா கொண்டுவந்த வீடியோ கேசட்டில் இப்படி ஒரு தொடரின் முதல் எபிசோடு மட்டும் இருந்தது. "மிச்சத்த அடுத்த லீவுல கொண்டாரேன்" என்று போனவர் மூன்று வருடம் வரவில்லை. அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அதையே போடுவாள். டிவிக்குள் கூட்டம் சிரிக்கும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் சிரிப்பாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு மாமி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "ஏம்மா, ஒரே சிரிப்பா கெடக்கு? விருந்தாளுக வந்திருக்காகளா?"

"ஆமா மாமி, வந்திருக்காக" என்றாள் அம்மா. நான் வாய் திறக்குமுன் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நேற்று அந்தப் பழைய தொடரையே தேடிப் போட்டேன். கூட்டம் சிரித்தது. சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்தேன். பக்கத்து வீட்டிலிருந்து யாரும் கேட்கவில்லை.