கமலேஸ்வரியின் கயர்

கமலேஸ்வரி துப்பிக்கொண்டிருந்தார். ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் உள்ள தன் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்குள், ஒரு சொட்டுக்கூடச் சிதறாமல், நேர்கோடாக. பிறகு கண்ணை மூடி, நாக்கை அண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டு, அயல்வீட்டுக்காரனான என்னிடம் திரும்பினார். "ஷினோன், பிரெஞ்சு வைன். கறிமிளகாயை முறிச்ச மணம் வருது பாருங்கோ. மண் சுண்ணாம்பு. இதோடை கத்தரிக்காய்ப் பால்கறி, வேறையொண்டும் வேண்டாம்."

ஊர் திருகோணமலை, வயது ஐம்பத்து நாலு. லில்லெஸ்ட்ரோமில் உள்ள அரசு மதுக்கடையில் பதினொரு வருடமாகக் காசு வாங்கும் மேசையில் இருக்கிறார். இந்த நோர்வே நாட்டில் வைன் போத்தல் வேண்டுமென்றால் அரசிடம்தான் போகவேண்டும், அரசிடம் போனால் கமலேஸ்வரியிடம் மாட்டவேண்டும். நூற்றுக்கணக்கான வைனைச் சுவைத்தவர், ஒரு மிடறு விழுங்கியதில்லை. "விழுங்கினா இரண்டாம் வாயோடை நாக்கு நித்திரையாப் போயிடும். நான் வேலை செய்யவேண்டாமோ?" என்பார். கணவர் சிவகுருவுக்கு வேறு கருத்து. "எங்கடை வீட்டிலை குடிகாரன் எண்டா அது இந்தத் தொட்டிதான்" என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் முறைப்பாடு வைப்பார்.

நம்மவர்கள் விருந்துக்கு வைன் வாங்கும் அழகு கமலேஸ்வரிக்குத் தெரியும். கறுத்துத் தடித்த சிவப்பு வைனாகப் பார்த்துத் தூக்கி வருவார்கள், உறைப்பான நண்டுக்கறிக்கு. அவர் போத்தலை மேசையிலேயே மறித்துவிடுவார். "உறைப்புக்கு மேலை கயரையும் ஊத்தினா வாய் பத்தி எரியும். பொஷொலே எடுங்கோ. கமே எண்ட முந்திரிகை, கருங்கல் மண்ணிலை வாறது, கயர் குறைவு. அரை மணித்தியாலம் பிரிஜ்ஜுக்குள்ளை வைச்சிட்டுக் குடியுங்கோ." கயர் என்றால் துவர்ப்பு. முந்திரிகை என்றால் திராட்சை. இது தெரியாத சென்னைப் பொறியியலாளர் ஒருவர், பிரான்சில் முந்திரிக்கொட்டையில் வைன் செய்கிறார்கள் என்ற புதுச் செய்தியோடு ஸ்டோவ்னரில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்பினார். நல்ல மனிதர், அடுத்த கிழமை வந்து நன்றியும் சொன்னார்.

போன வருடம் அதே கடையில் பிரெஞ்சு வைன் பகுதிக்கு ஆலோசகர் தேவை என்றார்கள். கமலேஸ்வரி அந்த வேலைக்கு எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வைன் பள்ளியொன்றின் சோதனையில் தேறவேண்டும், இரண்டு தடவைதான் எழுதலாம். முதல் தடவை விழுந்துவிட்டார். விழுத்தியது ஒரே ஒரு சொல்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன், வந்த புதிதில், நோர்வேஜிய மொழி வகுப்பில் சுவைகளின் பெயர் படிப்பித்தார்களாம். இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு. நாலோடு நின்றது. கமலேஸ்வரி கையை உயர்த்தி, "கயர் எங்கை?" என்று கன்னத்தை உள்ளே இழுத்துக் காட்டிக் கேட்டிருக்கிறார். ஆசிரியை பாவம், யோசித்துப் பார்த்துவிட்டு "பித்தர்" என்றார். அதாவது கைப்பு. "நானும் அதைப் பத்திரமாக் கொண்டு திரிஞ்சனான்" என்றார் என்னிடம். சோதனையில் துவர்க்கிற வைனுக்கெல்லாம் "பித்தர், பித்தர்" என்று எழுதித் தள்ளினார். இந்த வைனில் கைப்பே இல்லையே என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. நாக்கு சரியாகச் சொல்லியும் சொல் கவிழ்த்துவிட்டது. சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "கயருக்கு ஸ்னெர்ப் எண்டு தனிச் சொல்லே இருக்காம். இவ்வளவு காலம் ஒருத்தரும் மூச்சு விடேல்லை!"

அதன்பிறகு சமையலறை பள்ளிக்கூடமானது. ஒரு கோப்பையில் பால் விடாத சாயத் தேத்தண்ணி, ஒரு தட்டில் நாவற்பழம், இன்னொன்றில் பச்சை வாழைப்பூ. ஒன்றைக் கடிப்பார், வைனை உறிஞ்சுவார், துப்புவார், கொப்பியில் எழுதுவார். ஷினோன் தேத்தண்ணிக் கயர். காஓர் வைன் நாவற்பழக் கயர். சிவகுருவையும் விடவில்லை. அவர் வாழைப்பூவைக் கடித்துவிட்டு ஒரு மணித்தியாலம் ஒன்றும் கதைக்காமல் இருந்தார். "அதுக்காகவே இன்னொருக்கா குடுக்கலாம்" என்றார் கமலேஸ்வரி.

இரண்டாவது, கடைசித் தடவை, சென்ற மாதம். ஒஸ்லோ நகர மையத்துக்கு நானும் கூடப் போய் நடையில் காத்திருந்தேன். உள்ளே நடந்ததைப் பிறகு அவர் நடித்தே காட்டினார். பெயர் மறைத்த மூன்று கிளாஸ், இம்முறை வாயால் பதில். முதல் இரண்டும் சுகமாகப் போயின. மூன்றாவதைத் துப்பிவிட்டு "ஸ்னெர்ப்" என்றார். சோதிப்பவர் மக்டலீன், கண்ணாடிக்கு மேலால் பார்க்கும் அமைதியான மனுஷி, "எப்படிப்பட்ட ஸ்னெர்ப்?" என்று கேட்டுவிட்டார்.

"தம்பி, எனக்கு நொஷ்க் பாஷை முழுக்கப் பறந்திட்டுது. 'கயர்' எண்டுதான் வாயிலை வந்தது."

மக்டலீன் பேனையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். கமலேஸ்வரி கன்னத்தை உள்ளே இழுத்துக் காட்டினார். மெல்ல மெல்ல மொழி திரும்பி வந்தது. கயரில் பல வகை உண்டு, தேத்தண்ணிக் கயர் நாக்கோடு போய்விடும், நாவற்பழக் கயர் கன்னம் வரைக்கும் வரும், வாழைப்பூக் கயர் பல் முரசைப் பிடித்தால் விடாது என்றார். "இது வாழைப்பூ. அப்ப இது தென்மேற்குப் பிரான்ஸ் மதிரான். தனா முந்திரிகை, களிமண்ணும் சுண்ணாம்பும். வாத்து இறைச்சி குடுங்கோ, இல்லாட்டி ஆட்டு விலா. கொழுப்புத்தான் இந்தக் கயரை அடக்கும்." கறி உறைப்பாக இருக்கக்கூடாது என்று சோதிப்பவருக்கே ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருக்கிறார்.

பத்து நிமிடத்தில் இருவருமாக நடைக்கு வந்தார்கள். மக்டலீன் நீட்டிய தாளின் தலையில் "தேறினார்" என்று இருந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, கட்டிடம் கேட்கக் கத்தினேன். கமலேஸ்வரியின் கண் அந்த வரியைத் தாண்டிக் கீழே போய்விட்டது. சுவைக்கான கட்டத்தில், ஸ்னெர்ப்புக்குப் பக்கத்தில், மக்டலீன் தான் கேட்ட புதுச் சொல்லையும் நோர்வேஜிய எழுத்தில் எழுதியிருந்தார். ஆனால் இந்த மொழியில் நடுவிலுள்ள மெய்யெழுத்தை இரட்டித்தால்தான் அதற்கு முன்னுள்ள உயிர் குறிலாகும். அவர் எழுதியிருந்தபடி வாசித்தால் "காயர்" என்று நீண்டுவிடும்.

கமலேஸ்வரி மக்டலீனின் கையிலிருந்த பேனையைக் கேட்டு வாங்கினார். தாளைச் சுவரில் வைத்து, இடையில் அதே எழுத்தை இன்னொருமுறை செருகி, திருத்திக் கொடுத்தார்.