இரண்டு மாஃபி

எட்டு வயதில் எனக்கு அரபியில் உருப்படியாகத் தெரிந்தது ஒரே வார்த்தைதான். மாஃபி. இல்லை என்று அர்த்தம். மனாமாவில் வளர்கிற பிள்ளைக்கு அது போதாதா? ஹோம்வொர்க் எங்கே என்றால் மாஃபி, பால் குடித்தாயா என்றால் மாஃபி. "இவ வாயில வேற வார்த்தையே வராதா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்பா பஜாரில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன். முதலாளியை, எல்லோரும் அழைப்பது போல, அர்பாப் என்றுதான் அழைப்பார். அர்பாப் யூதர். பஹ்ரைனில் அவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான். அவருடைய தாத்தா பாக்தாதிலிருந்து வந்து போட்ட கடை அது. நம்மூர் ஆட்களோடு வியாபாரம் பண்ணிப் பண்ணி, இந்தி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஸ்கூல் லீவில் நானும் அப்பாவோடு கடைக்குப் போய், துணிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து படம் வரைவேன். என் ராஜ்ஜியமே அதுதான்.

ஒருநாள் அர்பாபுடைய அம்மாவின் வெள்ளிக் கத்தரிக்கோல் காணாமல் போனது. நூல் வெட்டுகிற, விரல் நீளக் கத்தரிக்கோல். நான் அதை அடிக்கடி ஆசையாகத் தொட்டுப் பார்ப்பேன், வினையே அங்கேதான். கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது அர்பாப் என் பையை எடுத்துக் கவுண்டரில் கவிழ்த்தார். க்ரேயான்களும் பாதி கடித்த பிஸ்கட்டும் உருண்டன. கத்தரிக்கோல் இல்லை. "திருடி எங்கே ஒளித்து வைத்தாய்?" என்று இந்தியில் கத்தினார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என் பக்கம் குனிந்து, "எடுத்திருந்தா குடுத்துடும்மா" என்றார்.

அர்பாப் கத்தியதைக்கூட விடுங்கள். அந்த "எடுத்திருந்தா" இருக்கிறதே, அது இன்றைக்கும் வலிக்கிறது. விசா அர்பாப் கையில், எங்கள் அடுப்பு எரிவது அவர் தயவில், அப்பா வேறென்ன சொல்லியிருப்பார் என்பதெல்லாம் அந்த வயதுக்கு எட்டுமா?

மறுநாளே கத்தரிக்கோல் ஒரு சாட்டின் சுருளின் மடிப்பில் கிடைத்துவிட்டது. அதன்பிறகு நான் கடை இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை. அர்பாப் குதைபியாவில் எங்கள் பில்டிங்குக்கே வந்து மாஃபி கேட்டார். இந்தியில் அதற்கு மன்னிப்பு என்று அர்த்தம். நான் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டேன். "மாஃபி, மாஃபி, அர்பாப்! ஒண்ணுமே இல்ல. சின்னப் பிள்ளை, அப்பவே மறந்துட்டா" என்று அப்பா சொல்லி அனுப்பிவைத்தார். பிறகொரு காலை அவர் ஸ்கூல் வேன் நிற்கிற இடத்துக்கே வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேனில் ஏறிவிட்டேன்.

மூன்றாம் முறை அவர் வந்தது, யோம் கிப்பூர் என்கிற, பாவங்களுக்கு மன்னிப்புக் கேட்கும் அவர்களுடைய பெரிய நோன்பு சூரியன் மறைந்ததும் தொடங்க இருந்த நாளில். அன்று கடையை மதியமே மூடிவிட்டதால் அப்பாவும் வீட்டில் இருந்தார். லிஃப்ட் ரிப்பேர். மூச்சு வாங்க மாடியேறி வாசலில் நின்றவரைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தலை முதல் கால் வரை வெள்ளை, காலில் மட்டும் துணி ஷூ. பாவம், நல்ல ஷூ மாஃபி போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த நாளில் அவர்கள் தோல் செருப்பு போடுவதில்லை என்பது பின்னால் தெரிந்துகொண்டது.

அம்மா பதறிப்போனாள். "பெரியவர் வீடு தேடி வந்திருக்கார், கால்ல விழுந்து கும்பிடுடீ!" என்று என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். தப்பு செய்தவர் அவர், விழுந்தது நான்! எங்கள் வீட்டு நியாயம் அப்படி. அர்பாப் நெருப்பை மிதித்தவர் போலப் பின்வாங்கினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மளுக்கென்று சத்தம் போட, என் எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"மாஃபி அர்பாப், ஒண்ணுமில்ல..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"நீ கொடுப்பது அரபி மாஃபி. நான் கேட்பது இந்தி மாஃபி" என்றார் அர்பாப். "ஒன்றுமே நடக்கவில்லை என்றால் எதை மன்னிப்பது? நடந்தது. இவளுக்கு நடந்தது. இவளுக்குப் பதிலாக நீ சொல்ல முடியாது."

பிறகு மகளே என்று இந்தியில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "பேட்டி, தினமும் காலையில் ஆண்டவன் என் உயிரைச் சுத்தமான வெள்ளைத் துணியாகத் திருப்பித் தருகிறான். அழுக்காக்குவது நான்தான். அவனுக்கு நான் செய்த தப்பென்றால் நாளைக்கு அழுது கேட்டால் துவைத்துவிடுவான். உனக்குச் செய்ததை அவன் தொடமாட்டான். நீதான் துவைக்கணும். மூன்று தடவை கேட்கச் சொல்லியிருக்கிறார்கள் எங்கள் பெரியவர்கள். இது மூன்றாவது."

அம்மாடி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கணக்குப் பரீட்சைக்குப் பிள்ளையாரிடம் கெஞ்சுகிற ஆள் நான். இங்கேயானால் ஒரு சாமியே கையைக் கட்டிக்கொண்டு என் வாயைப் பார்த்து நிற்கிறது. பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அவசரப்படுத்தவே இல்லை.

"மறுபடி ஏதாவது தொலைந்தால் என் பையைக் கொட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "அதே கத்தரிக்கோல் தொலையணும், அதே இடத்தில் நீ இருக்கணும், எனக்கு அதே கோபம் வரணும். அப்போதும் உன் பையை நான் தொடாமல் இருந்தால்தான் திருந்தியதாக அர்த்தம்."

"மாஃப் கியா" என்றேன். மன்னித்துவிட்டேன் என்று. அவ்வளவு பெரிய மனிதர் முகத்தை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பிறகு எழுந்து, சூரியன் போவதற்குள் போக வேண்டுமென்று படியிறங்கிவிட்டார். அப்பா அவர் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் க்ரேயானை எடுத்துக்கொண்டு வரைய உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி இருக்கும்போது தரையில் உட்காருகிற ஆளில்லை அவர்.

"ஜூஸ் வாங்கிட்டு வரட்டாம்மா?"

"மாஃபி."

"பார்க்குக்குப் போலாமா?"

"மாஃபி."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்பா மேல கோபமா?"

கோபம் மலையாக இருந்தது. ஆனால் படத்தில் சூரியனுக்கு மஞ்சள் பூசுகிற மும்முரத்தில், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

"மாஃபி."

என்னைப் பொறுத்தவரை அது அரபிதான். அப்பாவுக்கு எந்த மாஃபி கேட்டதோ, என் தலையில் வைத்த கையை அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை எடுக்கவே இல்லை. கை கனக்குது என்று சிணுங்கிக்கொண்டே நான் வரைந்துகொண்டிருந்தேன்.